ஜெனீவாவுக்கு முன்னால் திருகோணமலை பேச வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று மாவட்டத்தின் நாலா பக்கமிருந்தும் வந்திருக்கும் சங்கப் பிரதிநிதிகளே, பிள்ளைகளைத் தேடி இன்னும் வீதியில் நிற்கும் தாய்மாரே, ஜெனீவாவில் இலங்கையின் மனித உரிமை நிலைமை மீளாய்வுக்கு வரும்போதெல்லாம் நாம் இங்கே செய்தி கேட்கக் காத்திருக்கிறோம். ஆனால் அந்த மண்டபத்தில் எந்த நாடு என்ன சொல்லப்போகிறது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி முடிந்துவிடுகிறது. எழுதுகிற கைக்கு நம்முடைய ஆதாரம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அந்த வேலையை முழுக்கக் கொழும்பின் பொறுப்பில் விடாமல் திருகோணமலை தானே செய்ய வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

பூகோள காலாந்தர மீளாய்வு என்று நாம் சொல்லும் முறை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006இல் எடுத்த தீர்மானத்திலிருந்து பிறந்தது. இலங்கை அதன் முன் 2008, 2012, 2017, 2023 என்று நான்கு முறை நின்றிருக்கிறது. மீளாய்வு நடப்பது மூன்றரை மணி நேரம். அரசின் அறிக்கை, ஐ.நா. அமைப்புகளின் தகவல் தொகுப்பு, சிவில் சமூகம் அனுப்பியவற்றின் சுருக்கம் என்று மூன்று ஆவணங்கள் மேசையில் இருக்கும். நாம் எவ்வளவு எழுதினாலும் அந்தச் சுருக்கம் பத்துப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். தனியொரு அமைப்பு அனுப்பும் அறிக்கைக்கு 2,815 சொற்கள்தான் எல்லை. பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5,630. ஓர் அமர்வில் 14 நாடுகள் மீளாய்வுக்கு வருகின்றன. ஜெனீவாவில் இரண்டு மூன்று பேரோடு இயங்கும் ஒரு சிறிய நாட்டின் தூதுக்குழுவை எண்ணிப்பாருங்கள். அங்குள்ள இளநிலை அதிகாரி ஒருவர் இந்தப் பதினான்கு நாடுகளுக்கும் கேள்வியும் பரிந்துரையும் எழுத வேண்டும். மண்டபத்தில் அவருடைய நாட்டுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். கையில் குறிப்பாக எதுவும் இல்லாதவர் "மனித உரிமைகளை மேம்படுத்துக" என்று எழுதிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட பரிந்துரையை ஏற்பதற்கு எந்த அரசும் தயங்காது, ஏனென்றால் அதை நிறைவேற்றினார்களா இல்லையா என்று ஒருவராலும் அளந்து பார்க்க முடியாது.

ஆதாரம் என்ன செய்யும் என்பதற்கு வேறு ஊர் தேட வேண்டியதில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இந்த நகரின் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைக்குண்டுக் கதை அதோடு நிற்க முடியாமல் போயிற்று. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் இந்தக் கொலைகளையும் விசாரிக்க உடலாகம ஆணைக்குழு வந்தது. அதை அவதானிக்க நீதியரசர் பகவதி தலைமையில் சர்வதேசக் குழு வந்து, விசாரணை சர்வதேசத் தராதரத்துக்கு ஏற்றதாக இல்லையென்று சொல்லி 2008இல் விலகியது. 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவும் இந்த வழக்கைப் பற்றிப் பேசியது. அதன் பிறகும் உடனே கைது ஒன்றும் நடக்கவில்லை. 2012 நவம்பரில் மீளாய்வு, 2013 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் தீர்மானம், ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் நவநீதம் பிள்ளையின் வருகை, நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு. இந்த வரிசையின் நடுவே, 2013 ஜூலையில், விசேட அதிரடிப்படையினர் பன்னிரண்டு பேர் கைதானார்கள். ஏழரை ஆண்டு அசையாத கோப்பு ஏன் அந்த மாதத்தில் அசைந்தது என்பதை நாட்காட்டியே சொல்கிறது.

அந்த வழக்கு முடிந்த விதமும் உங்களுக்குத் தெரியும். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லையென்று சந்தேகநபர்கள் எல்லோரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. "பார்த்தீர்களா, ஜெனீவாவால் ஒன்றும் ஆகாது" என்று அன்று பலர் சொன்னார்கள். அந்த மனக்கசப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் அதிலிருந்து வேறு முடிவுக்கு வருகிறேன். முக்கிய சாட்சிகள் உயிருக்கு அஞ்சி நாட்டை விட்டே போயிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து காணொளி வழியாகச் சாட்சியமளிக்க 2015ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் சரியான வழி விடவில்லை. 2017இல்தான் திருத்தம் வந்தது. "பொறுப்புக்கூறலை உறுதிசெய்க" என்ற வாசகம் இந்த முடிச்சைத் தொடாது. "இந்த வழக்கின் சாட்சிகள் எங்கள் நாட்டில் இருக்கிறார்கள், உங்கள் தூதரகத்திலிருந்து அவர்கள் சாட்சியமளிக்க இந்தத் திகதிக்குள் ஏற்பாடு செய்யுங்கள், பாதுகாப்புக்கு நாங்களும் உதவுகிறோம்" என்று ஒரு நாடு கேட்டால் அரசு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அப்படிக் கேட்க வைப்பதற்கு வழக்கின் ஒவ்வொரு தவணையையும் அறிந்தவர்கள் தேவை. அவர்கள் ஜெனீவாவில் இல்லை, இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

காணி விடயத்திலும் இதே நிலைதான். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். 2015இல் 818 ஏக்கர் திரும்பக் கிடைத்தபோது அதற்குப் பின்னால் முகாம்களில் கிடந்து மக்கள் விடாமல் கேட்டதும் இருந்தது, உறுதியும் வரைபடமும் கையில் வைத்து வெளிநாட்டுத் தூதுவர்களிடம் பேசியதும் இருந்தது. துறைமுக அதிகாரசபைக்கு உரியதென்று சொல்லப்படும் காணியில் பயிர் செய்துவந்த முத்துநகர் விவசாயிகள், சூரிய மின் திட்டத்துக்காகத் தங்களை வெளியேற்றியதை எதிர்த்து 2025இல் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்காக ஒரு தாள் எழுதுவதானால் என்ன இருக்க வேண்டும்? வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், எத்தனை குடும்பம், எத்தனை போகம் செய்தார்கள், யார் எந்த நாளில் வெளியேறச் சொன்னார், தகவல் அறியும் சட்டத்தின் கீழ்க் கேட்டதற்கு வந்த பதிலின் பிரதி, கடைசியில் கேட்கும் ஒரே ஒரு கோரிக்கை. தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஒரு தகவல் பிழையானாலும் மற்றப் பத்தையும் அரசுத் தரப்பு அதைக் காட்டியே தள்ளிவிடும் என்பதால், உறுதிப்படாதது எவ்வளவு உருக்கமானதாயினும் அதை வெளியே விட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டாரிடம் முறையிடுவது நாட்டைக் காட்டிக்கொடுப்பது என்கிறார்கள். 1990 செப்டெம்பரில் ஓர் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜெனீவாவுக்குப் புறப்பட்டார். தெற்கில் காணாமல்போன இளைஞர்களைப் பற்றிய 500க்கும் மேற்பட்ட ஆவணங்கள் அவர் கையில் இருந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸார் அவற்றைப் பறித்தார்கள். அவர் பெயர் மஹிந்த ராஜபக்ஷ. தெற்கின் தாய்மாருக்காக அவர் அன்று செய்தது சரியான காரியம். அது சரியென்றால் மூதூர்த் தாய் செய்வது எப்படிப் பிழையாகும்? தவிரவும், மனித உரிமை உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டது இலங்கை அரசு. தானே ஒப்புக்கொண்ட கணக்கை அரசு காட்டும்போது, அந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காட்டுவது குடிமக்களின் உரிமை.

இன்னொரு மறுப்பு கனமானது. தூதுவர்கள் திருகோணமலைக்கு வருவது நம் கண்ணீரைத் துடைக்கவா, துறைமுகத்துக்காகவா? துறைமுகத்துக்காகத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே இந்தத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் இருக்கின்றன. சீனன்குடாவின் 99 குதங்களைப் பங்கிடும் உடன்பாடு 2022 ஜனவரியில் வந்தது. அவரவருக்கு அவரவர் கணக்கு. அதனால்தான் ஒரே தூதரகத்தை நம்பியிருக்கக் கூடாது என்கிறேன். குதங்களைப் பார்க்க வருகிறவரிடம் அவற்றைச் சுற்றியுள்ள மக்களின் காணியைப் பற்றியும் பேசுவோம். இந்தத் துறைமுகத்தில் ஒரு முழ நிலமும் கேட்காத நாடுகளிடமும் போவோம். இராணுவ ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆர்ஜென்டினாவுக்கு நம் தாய்மாரை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையில் சேருமாறு 2012 மீளாய்வில் பல நாடுகள் கேட்டன. 2016 மே மாதத்தில் இலங்கை சேர்ந்தது. காணாமல்போன ஒருவரும் அதனால் திரும்பி வரவில்லை. ஆனாலும் அந்த உடன்படிக்கையின் குழு முன் இலங்கை இனிப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் உங்களை அழைப்பது நேர்மையாகாது. 2013இல் நவநீதம் பிள்ளை திருகோணமலையில் சந்தித்தவர்களிடமே, அவரோடு என்ன பேசினீர்கள் என்று பிறகு விசாரித்திருக்கிறார்கள். அவர் நாட்டை விட்டுப் புறப்படும்போது அதைப் பகிரங்கமாகவே கண்டித்தார். எனவே எவரும் தனியாகப் போகக் கூடாது. சம்மதம் தராத ஒருவரின் பெயரும் தாளில் ஏறக் கூடாது. சந்திப்புக்குப் பின் ஒருவர் விசாரிக்கப்பட்டால் அன்றைக்கே தூதரகத்துக்கும் ஐ.நா. அலுவலகத்துக்கும் இங்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் அறிவிக்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். மூன்று சமூகத்தவரும் ஒரே மேசையில் இருந்தால் பயமும் குறையும். நம் தாளை இனக்கோரிக்கை என்று ஒதுக்குவதும் கடினமாகும்.

அடுத்த மீளாய்வுக்கான அறிக்கைகளை அது நடப்பதற்கு மாதங்களுக்கு முன்னரே அனுப்பிவிட வேண்டும். பேரவையின் திகதி வந்த பிறகு கூட்டம் கூட்டிப் பயனில்லை. இந்த மண்டபத்தை விட்டுப் போகும் முன் ஒவ்வொரு சங்கமும் தன் பகுதியின் ஒரே ஒரு விடயத்தைத் தெரிந்தெடுத்து, அதற்குப் பொறுப்பான இருவரின் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். முதற் தாள் முத்துநகரிலிருந்து வரட்டும்.