ஒரே ஒரு கூடை



கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 5 பேர். கூடை 10 அடி உயரத்தில் இருக்கும். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது. தட்டிக்கொண்டே போகலாம். கூட்டாளிக்கும் எறியலாம். 24 விநாடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும். ஓடும் காலைவிட எறிந்த பந்து வேகமாகப் போகும். அதனால் தனி ஆளின் சாமர்த்தியம் போதாது.

2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதி ஆட்டம். நம் பெண்கள் அணியில் தமிழ்நாட்டு அனிதா பால்துரை இருந்தார். கேரளத்து ஜீனாவும் இருந்தார். மொழி இரண்டு, அணி ஒன்று. நம் ஊர்ச் சந்தை மாதிரிதான்! கசகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். ஒரு சாதாரணக் கூடைக்கு 2 புள்ளி. அந்த ஒரே கூடைதான் வித்தியாசம்.

குழந்தை பெற்ற பிறகு மீண்டும் ஆட வந்தவர் அனிதா. 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். கல்யாணம் ஆனால் பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்கிறோமே! மைதானத்தில் ஒரு வளையம் மாட்டுவோம். மகளையும் அனுப்புங்கள், மருமகளையும் அனுப்புங்கள்.