ஏட்டில் தங்கிய பெயர்



சேலம் மாவட்டத்து மேச்சேரி பத்ரகாளியம்மன் திருவிழாவின்போது, ராட்டினம் சுற்றிய திடலில், சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குள் மூண்ட கைகலப்பில் ஒருவன் மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போக, அடித்தவர்கள் என்று நால்வர் பெயர் புகாரில் ஏறியது. அந்த நால்வரில் ஒருவனுக்கு அப்போது பதினேழு வயது நிரம்பவில்லை. ஆகவே அவன் வழக்கு மட்டும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போயிற்று. குழுமத்தார் விசாரித்து, கண்டித்து, புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன் படித்துப் பட்டம் பெற்று, ஏழாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஒரு சர்க்கார் உத்தியோகத்துக்குத் தேர்வும் ஆனான். நடத்தை விசாரணைக்காக அவன் கைக்கு வந்த படிவத்தைத்தான் அவன் தகப்பனார் ஒரு மஞ்சள் பையில் வைத்து என்னிடம் கொண்டு வந்தார்.

அவர் செம்மறி வளர்ப்பவர்; நம் சீமைக்கே பெயர் தேடித் தந்த செம்பழுப்பு மேச்சேரி ஆடுகள் நாலைந்தை விற்றுத்தான் மகனைத் தேர்வுக்குப் படிக்க வைத்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை விரித்துக் காட்டினார். ‘எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பையன் பென்சிலால் ஒன்றில் குறியிட்டு அழித்து, மற்றதில் குறியிட்டு அதையும் அழித்து, அந்த இடத்துக் காகிதமே நைந்து வெளிறிப் போயிருந்தது.

“கேசுதான் அன்னைக்கே முடிஞ்சு போச்சுங்களேய்யா, இன்னுமா அது உசுரோட கெடக்குது?” என்று அவர் கேட்டார்.

முடிந்தது என்றுதான் சட்டமும் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்து 24-ஆம் பிரிவின்படி, அறியாப் பருவத்தில் தவறிழைத்த ஒருவனுக்கு அந்தத் தீர்ப்பினால் பிற்காலத்தில் எவ்விதத் தகுதிக்குறைவும் நேரலாகாது. மேல்முறையீட்டுக்குரிய அவகாசம் கழிந்தபின் ஆவணங்களை அழித்துவிடும்படி போலீசாருக்குக் குழுமமே உத்தரவிட வேண்டும். 2016-இன் மாதிரி விதிகளோ ஏழாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது என்று வரம்பே கட்டியிருக்கின்றன. பதினாறு வயது கடந்து, கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்களைப்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை இல்லை. இளம் பருவத்து வழக்கைக் காட்டி உத்தியோகத்தை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் அழிக்க வேண்டிய காகிதம் ஓரிடத்தில் மட்டுமா இருக்கிறது? நிலையத்துப் பதிவேட்டில் ஒன்று, மாவட்டக் குற்ற ஆவணக் கூடத்தில் ஒன்று, இந்நாளில் தேசம் முழுதும் பின்னிக் கிடக்கும் போலீஸ் கணினி வலையில் ஒன்று என்று அது பல்கிப் பெருகியிருக்க, நினைவூட்டுவார் இல்லாதவிடத்து உத்தரவு உத்தரவாகவே கிடந்துவிடுகிறது. இதில் ஏமாறுகிறவர்கள் யாரென்றால், சட்டம் தமக்களித்த பாதுகாப்பைத் தாமே அறியாத ஏழைப் பிள்ளைகள். இதை நான் மிகுந்த விசனத்தோடு சொல்கிறேன்.

பெயரைச் சட்டம் அழித்தும் ஏடு விடாமல் பிடித்துக்கொண்ட கதை இந்தச் சேலத்து மண்ணுக்குப் புதிதன்று. 1871-இல் வடக்கே பிறந்து 1911-இல் சென்னை மாகாணத்திலும் கால் வைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் முன்னோர் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். பதிவுக்குள்ளான ஜாதியில் பிறந்தவன், தான் ஒரு குற்றமும் செய்யாதிருக்கையிலேயே, விரல்களை மையில் தோய்த்துப் பதித்துக் கொடுக்க வேண்டும். இன்ன நேரத்தில் இன்னாரிடம் போய் ஆஜராக வேண்டும். கையில் ராதாரிச் சீட்டு இல்லாமல் வேற்றூருக்குப் போகக் கூடாது. கடற்கரை உப்பைக் காளைகள் மீதும் கழுதைகள் மீதும் பொதியேற்றி வந்து, உள்நாட்டுத் தானியத்துக்கு மாற்றிக்கொண்டு போன உப்புக் குறவர்கள், ரயில் வண்டி வந்து அந்த வாணிபத்தைத் தட்டிப் பறித்தபின் ஊர் ஊராகத் திரிந்து பிழைத்தார்கள். அப்படித் திரிந்து பிழைத்ததே அவர்கள் மீது குற்றமாக ஏறிற்று. மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரிலோ, ரேகை வைக்க மறுத்த கள்ளர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார்கள்.

முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் நடத்திய நெடும் போராட்டத்தின் பயனாக, நம் திருச்செங்கோட்டுச் சீமையின் குமாரமங்கலத்துக்காரரான டாக்டர் ப. சுப்பராயன் உள்துறை மந்திரியாக இருந்தபோது, 1947-இல் நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்டு 31-ஆம் தேதி தேசம் முழுவதிலும் ஒழிந்தது. ஒரே நாளில் எத்தனையோ இனத்தாருடைய பதிவை அழித்த மகத்தான காரியம் அது. எனினும் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று வேறொரு சட்டம் சென்னையில் வந்துவிட்டது; களவொன்று நடந்தால் முதலில் அந்தக் குடிசைகளின் கதவையே தட்டும் பழக்கமும் சட்டத்தோடு கூடப் போய்விடவில்லை. சேலம் உப்புக் குறவர் என்ற பெயரை இன்று, முன்பு அந்தச் சட்டத்துக்கு உட்பட்டிருந்த இனத்தாருக்கான அரசாங்கத்தின் சீர்மரபினர் பட்டியலில் காணலாம்.

வயது வந்தபின் வழக்கில் சிக்கியவர்களின் நிலைமை இளம் பிள்ளைகளின் நிலைமையினும் கடினம். இங்கிலாந்தில் 1974-ஆம் வருஷத்துச் சட்டமொன்று, தண்டனை அனுபவித்துக் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக நடந்துகொண்டவனின் குற்றத்தைப் பெரும்பாலான காரியங்களில் இல்லாததாகவே பாவிக்கச் செய்கிறது. நம் தேசத்தில் அப்படிப் பொதுவானதொரு சட்டம் கிடையாது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தகுதிக்குறைவு இல்லை என்ற அளவில் ஓர் ஆறுதல் உண்டு. விடுதலையே ஆனவன் கதையைக் கேட்டாலோ மனம் நொந்துபோகும். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவன், தமிழ்நாட்டுப் போலீஸ் வேலைக்கு மனுச் செய்தால், வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவான் என்று விதி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008-இல் அந்த விதியை நிலைநிறுத்திவிட்டது.

கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டு, 2014-இல் அதே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விடுதலை பெற்ற ஒருவர், இணையத்தில் தம் பெயரைத் தட்டினால் அந்த வழக்கே முன்னால் வந்து நிற்கிறது என்று முறையிட்டார். சட்டம் இல்லாமல் நாங்கள் என்ன செய்ய இயலும் என்று 2021-இல் ஒரு நீதிபதி மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் பெயரை மறைக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நீதிமன்றத் தீர்ப்பு உலகறியத் திறந்திருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றமற்றவன் என்று தீர்ப்பான ஒருவனுடைய பெயர் அதில் துலங்கி நிற்பதனால் நீதிக்கு என்ன லாபம் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. மனுப்போட்டுக் கெஞ்சாமலே இந்தப் பெயர்கள் நீங்கும்படி ஒரு சட்டம் செய்வது ராஜ்யத்தின் கடமை.

வழக்கையே மறைத்துவிடலாமா என்று அந்தப் பையன் என்னைக் கேட்டான். கூடாது என்றேன். மறைத்தது வெளிப்பட்டால் அந்த மறைப்பே வேலையைப் பறித்துவிடும் என்பதும், இள வயதில் நேர்ந்த சிறு பிழையை அதிகாரிகள் மன்னிக்கலாம் என்பதும் 2016-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இருக்கின்றன. நடந்ததை நடந்தபடி எழுதி, 24-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, குழுமத்து உத்தரவின் நகலையும் சேர்த்து அனுப்பினோம். ஆவணங்களை அழித்து, அழித்ததற்கு எழுத்து மூலம் தகவல் தரவேண்டும் என்று குழுமத்துக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன்.

சில மாதங்களுக்குப் பின், வாரச் சந்தைக்கு ஆடு ஓட்டி வந்த தகப்பனார், சந்தை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பைக்குள் அவர் மகனின் ஆவணங்களை அழித்துவிட உத்தரவிட்டிருப்பதாகச் சொல்லும் கடிதம் இருந்தது. இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். அப்புறம் அதை நாலாக மடித்துக்கொண்டே,

“இதுலயும் அந்தக் கேசு நெம்பரு எழுதியிருக்குதுங்களே, இதை எரிச்சுப்போடலாமுங்களா?” என்றார்.

வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.