கொழுந்து பறித்த கைகள்



நூற்றாண்டு விழாவில் வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நாம் இன்று கையைப் பற்றிப் பேசுவோம். எல்ல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து படித்த எம்மில் பலருக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கித் தந்தவை கொழுந்து பறித்த கைகள்தாம்.

எல்லோரும் இடது கையால் வலது முன்கையைப் பிடியுங்கள். பெருவிரலை மடக்கி விரியுங்கள். உள்ளே ஏதோ அசைகிறதல்லவா? பெருவிரலின் நுனியை மடக்குவதும் விரலை விரித்து நிமிர்த்துவதும் முன்கையிலுள்ள நான்கு தசைகளின் வேலை. தசை மேலே இருக்க, கயிறு போன்ற நாண் மட்டும் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகிறது.

இனி மணிக்கட்டைக் கீழே மடித்துக்கொண்டு கையைப் பொத்துங்கள். பலம் வராது. மணிக்கட்டைச் சற்று மேலே நிமிர்த்திப் பொத்துங்கள்; பிடி இறுகும். அப்படி நிமிர்த்தி வைப்பவை முழங்கையின் வெளிப்பக்கத்தில் தொடங்கும் தசைகள். விரல் இறுகப் பிடிக்கும்போதெல்லாம் அவையும் உழைக்கின்றன. முழங்கை உளைவுக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு இலையும் மொட்டும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒடிகின்றன. விரல் விரியும், பிடிக்கும், மணிக்கட்டு திரும்பும். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை. பெருவிரலை விரிக்கும் நாண்கள் இரண்டு, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே ஒடுங்கிய உறைக்குள்ளால் போகின்றன. உறை தடித்தால் நாண் இறுகும், வலிக்கும். 1895இல் இதை விவரித்த சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் பிரிற்ஸ் டி கெர்வெய்னின் பெயரே இந்நோய்க்கு வழங்குகிறது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் இளந்தாய்மாருக்கும் இது வரும்.

எங்கள் அம்மாமார் இதை "வாதம்" என்றார்கள். இரவில் தைலம் தடவி, துணியைச் சுற்றிக்கொண்டு, விடிந்ததும் மலைக்குப் போனார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தானே! பக்கத்தில் இருந்து பாடம் படித்த நாங்கள், வயதானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

அது வயதின் குற்றமல்ல. சிகிச்சை உண்டு. பெருவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் வைக்கும் பட்டியும் சில வார ஓய்வும் பலருக்குப் போதும். தீராவிட்டால் உறைக்குள் ஊசி மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் உறையைத் திறந்துவிடும் சிறிய சத்திரசிகிச்சை. நாட்களைக் கடத்தாமல் காட்டுவதே முக்கியம்.

இங்கிருப்போரும் கடல் கடந்திருப்போரும் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒன்று செய்வோம். அம்மாவின், பெரியம்மாவின், பக்கத்து லயத்து அக்காவின் கையைப் பிடித்து, "பெருவிரல் பக்கம் வலிக்கிறதா?" என்று கேட்போம். வலிக்கிறது என்றால், தைலப் போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டு வராமல், வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவோம்.