மடியில் தங்காத உயிர்கள்

நம் மீனவர்கள் 'சொறி' என்று சொல்லும் ஜெல்லி மீனுக்கு ஆழ்கடல் தரையோரத்தில் தூரத்து உறவுகள் உண்டு. அவற்றை அரிய உயிர்கள் என்றே வெகுகாலம் எழுதி வந்தார்கள். குறை வலையில்தான் என்பது என் வாதம். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது, பெரும்பகுதி தண்ணீரேயான உடல் கண்ணிகளில் அறைபட்டுக் கூழாகிவிடுகிறது. மிதக்கும் உயிர்களை அள்ளும் வலையோ, பாறையில் மாட்டிக் கிழிந்துவிடும் என்ற பயத்தில் தரைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவே அந்தத் தரையோர உலகம் தப்பிப்போயிற்று. ஒரு மீட்டர் வரை அகலம் வரும், ரத்தச் சிவப்பு நிறமுள்ள திபுரோனியா கிரான்ரோஹோ என்ற ஆழ்கடல் ஜெல்லிக்கு 2003-ல்தான் பெயர் கிடைத்தது. அதற்குக் கொட்டும் நீண்ட இழைகளே கிடையாது. தடித்த, கைபோன்ற சில உறுப்புகள் மட்டுமே. இத்தனை பெரிய உடல் அத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு வேறென்ன விளக்கம் இருக்க முடியும்?

ஸ்டிஜியோமெடுசா என்ற ராட்சத ஜெல்லியை நூறாண்டுக்கும் மேலாக நூற்றுச் சொச்சம் தடவைதானே பார்த்திருக்கிறார்கள், அது அரியதுதானே என்று கேட்கலாம். ஆனால் ஆழ்கடல் தரையில் மனிதக் கண்ணோ கேமராவோ பார்த்த பரப்பு 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று 2025-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தத் துளியை வைத்துக்கொண்டு அரியது, மலிந்தது என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். சரி, நிறைய இருந்தால் செத்தவை தரையில் குவிந்து கிடக்க வேண்டாமா? நார்வேயின் சோக்னே ஃபியோர்டில் சுமார் 1,250 மீட்டர் ஆழத்தில் செத்த ஜெல்லிகளைப் போட்டு, பக்கத்தில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். விலாங்கு போல வழவழக்கும் ஹாக் மீன்களும் இறால்களும் மொய்த்தன. இரண்டரை மணி நேரத்தில் ஒன்றுமில்லை. பிணம் காணாமல் போவதும் உயிர் இல்லாமல் இருப்பதும் ஒன்றாகாது.

கேமராவின் வெளிச்சமே உயிர்களை விரட்டாதா என்பது நியாயமான கேள்வி. விரட்டினால் கணக்கு இன்னும் குறைவாகத்தான் வரும்; அது என் பக்கத்துக்கே பலம். படத்தை மட்டும் நம்பி இனத்துக்குப் பெயர் வைக்கலாமா என்பதுதான் கடினமான ஆட்சேபம். 2015-ல் போர்ட்டோ ரிக்கோ அருகே சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில், ஜெல்லிக்கு அயலினமான ஒரு சீப்பு ஜெல்லியை ரோபோ படம்பிடித்தது. இரண்டு நீண்ட இழைகளைத் தரையில் ஊன்றி, கயிற்றில் கட்டிய பலூன் மாதிரி அது அசைந்துகொண்டிருந்தது. உடல் கையில் வந்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்றால் மறுபடி வலையிடமே தீர்ப்பை ஒப்படைக்கிறோம். 2020-ல் அந்தச் சீப்பு ஜெல்லிக்கு டுவோபிராக்கியம் என்று பெயர் சூட்டியபோது, அருங்காட்சியகக் குடுவையில் வைக்க ஒரு துண்டுகூட இல்லை. காணொளி மட்டுமே இருந்தது.