‘இந்து’ ஏட்டின் ஐந்தொகை

(காரைக்குடியில் ஆற்றிய உரை)

தோழர்களே!

செட்டிநாட்டில் வந்து கணக்குப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் ஒரு கணக்கைக் கொணர்ந்துள்ளேன். பணக் கணக்கன்று, ‘இந்து’ நாளேட்டின் வரலாற்றுக் கணக்கு. வரவு எது, பற்று எது என ஐந்தொகை எடுத்துப் பார்ப்போம். வெறுப்பால் எதனையும் மறைக்கலாகாது. மயக்கத்தால் எதனையும் கூட்டலாகாது.

1878ஆம் ஆண்டு. சென்னை உயர்நீதிமன்றத்துக்கு முத்துசாமி ஐயர் நீதிபதியானார். இந்தியருக்கு அந்த ஆசனமா என்று வெள்ளையர் ஏடுகள் வெகுண்டன. மறுமொழி கூற இளைஞர் அறுவர் கூடினர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன், 80 படிகள், பிறந்தது ‘இந்து’ வார ஏடு! 1889இல் அது நாளேடாயிற்று.

அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், இளமையிலேயே கைம்பெண்ணான தம் மகளுக்கு அதே 1889இல் மறுமணம் செய்வித்தார். உற்றாரும் சாதியாரும் தூற்றினர், அவர் தளர்ந்தாரில்லை. ‘குமரன்’ நடத்திய சொ. முருகப்பாவின் ஊரல்லவா இது? ‘மாதர் மறுமணம்’ என்றே ஓர் இதழ் கண்ட ஊரல்லவா? அத்துணிவின் விலையை நீங்கள் அறிவீர்கள். வரவில் எழுதுங்கள்!

பற்று இல்லையா? உண்டு. 1917இல் டாக்டர் நாயரும் தியாகராயரும் ‘ஜஸ்டிஸ்’ ஏட்டை ஏன் தொடங்கினர்? பார்ப்பனரல்லாதார் குறையை எடுத்துரைக்க ‘இந்து’ போன்ற பெரிய ஏடுகள் முன்வரவில்லை. தமக்கென ஏடில்லாத குறையால் பிறந்த ஏடே, மற்றவர்க்கு அக்குறையை வைத்தது!

1988இல் சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் திரட்டிய போபர்ஸ் ஆவணங்களை வெளியிட்டு டில்லியையே உலுக்கியது ‘இந்து’. அது வரவு. 1989இல் அவ்வெளியீட்டை ஆசிரியரே நிறுத்தினார். ராம் வெளிப்படையாக எதிர்த்தார். அது பற்று.

இனி, 2003. ஜெயலலிதா ஆட்சியைக் கண்டித்து ‘இந்து’ தலையங்கம் தீட்டிற்று. அதனைத் தமிழாக்கி வெளியிட்டது ‘முரசொலி’. நவம்பர் 7 அன்று சட்டமன்றம், ‘இந்து’வைச் சேர்ந்த ஐவருக்கும் ‘முரசொலி’ ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை விதித்தது. 1992இல் சட்டமன்றக் கூண்டிலே நிறுத்தப்பட்டவரும் இதே செல்வந்தான்! உச்சநீதிமன்றம் குறுக்கிட்டுத் தண்டனையைத் தடுத்தது.

எண்ணிப் பாருங்கள்! நாம் குறை கண்ட ஏட்டுக்கும் நம் ஏட்டுக்கும் ஒரே தண்டனை. எழுத்தை ஒடுக்கத் துணிந்தவர், எவர் எழுத்து என்று பார்ப்பதில்லை.

ஆகவே தோழர்களே, பெரிய ஏடு எழுதியது என்பதற்காக எதனையும் வேதமெனக் கொள்ளாதீர். மாற்றார் ஏடு என்பதற்காக அதன் வாயடைப்பதைக் கண்டு மகிழாதீர். ஆட்சி நம்முடையதாயினும் இந்த அளவுகோல் மாறலாகாது. நமக்கென ஏடு வேண்டும்; அதனை வாங்கிப் படித்து வளர்ப்பது நம் கடமை. பிறர் ஏட்டுக்கும் உரிமை வேண்டும். அதனைக் காப்பதும் நம் கடமையே!