ஜப்பானின் ஆங்கில வாத்தியார்களும் அவர்கள் நட்பும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஜப்பானைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார் செயலாளர். புல்லட் ரயிலையும் செர்ரிப் பூவையும் நீங்களே யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஆகவே, அதிகம் பேசப்படாத ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்கிறேன். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தில் பேசக் கற்றுக்கொடுக்க வெளிநாடுகளிலிருந்து போகிறவர்கள். என் மகள் வேலை நிமித்தம் யோகோஹாமாவில் நான்கு வருடம் இருந்தபோது அவளுக்குப் பழக்கமானவர்களில் சிலர் இந்த வாத்தியார்கள். அப்படித்தான் எனக்கு இதில் ஆர்வம் வந்தது.

ஜப்பானில் எல்லோரும் பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆனால் நெடுங்காலமாக இலக்கணமும் நுழைவுத் தேர்வும்தான் குறி. வாய் திறந்து பேசும் பழக்கம் குறைவு. நமக்கு இது புதிதல்ல. ரென் அண்ட் மார்ட்டினைக் கரைத்துக் குடித்து, தலைமை அலுவலகத்துக்குப் பக்கம் பக்கமாக ஆங்கிலக் கடிதம் எழுதியவர்கள் நாம். போனில் யாராவது சரளமாக இங்கிலீஷ் பேசினால் ரிசீவரைப் பக்கத்து மேஜைக்கு நீட்டியவர்களும் நம்மில் உண்டு!

இந்தக் குறையைப் போக்க அங்கே முக்கியமாக இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, அரசின் ஜெட் திட்டம். 1987-ல் 4 நாடுகளிலிருந்து 848 பேருடன் தொடங்கியது. இன்று 5,000 பேருக்கும் மேல். பெரும்பாலும் பட்டம் வாங்கிய கையோடு வரும் இளைஞர்கள். வகுப்பில் ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாக இருப்பார்கள். மற்றொன்று, 'எய்கைவா' எனப்படும் தனியார் பேச்சு ஆங்கிலப் பள்ளிகள். ரயில் நிலையங்களை ஒட்டியே இருக்கும். ஆபீஸ் விட்டு வருகிறவர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர் என்று எல்லா வயதினரும் அங்கே போய்ப் பேசிப் பழகுவார்கள்.

ஜெட் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். புதுப்பித்துக்கொண்டே போனாலும் ஐந்து வருடத்தோடு சரி. சின்ன ஊரில் வேலை கிடைத்தால், அந்த ஊருக்கே இவர் ஒருவர்தான் வெளிநாட்டவராக இருப்பதும் உண்டு. பக்கத்து ஊர்களில் இருக்கும் மற்ற வாத்தியார்கள்தான் உறவு மாதிரி. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் பல முகங்கள் மாறும். ஒரு வாரம் வழியனுப்பு விருந்து, அடுத்த சில வாரங்களில் வரவேற்பு விருந்து. நான்கைந்து வருடம் இருந்தவர்கள் களைத்துப்போகிறார்கள். "எத்தனை வருடம் இருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் புதிதாக வருகிறவரோடு பழகுகிறார்கள். கேட்கக் கசப்பாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், 11 மாத ஒப்பந்தத்தில் குடிவரும் வாடகைதாரரை நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்?

அப்படியானால், இந்த மாதிரி இடத்தில் எந்த நட்பு நிற்கிறது? மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, பழைய கதை. லஃப்காடியோ ஹெர்ன் 1890-ல் மட்சுவே என்ற ஊரில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் நிஷிதா சென்தாரோ, அதே பள்ளியின் ஆசிரியர். ஹெர்ன் அந்த ஊரில் இருந்தது சுமார் 15 மாதம்தான். பிறகு குமமோட்டோவுக்கு மாறிவிட்டார். கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. 1895-ல் வெளிவந்த தன் புத்தகம் ஒன்றை நிஷிதாவுக்கே சமர்ப்பித்தார். 1897-ல் நிஷிதா இறக்கும் வரை அந்த நட்பு இருந்தது. நேரில் பழகிய காலத்தைவிடக் கடிதத்தில் பழகிய காலம் பல மடங்கு.

இரண்டாவது, வங்கியில் இருந்தவன் என்பதால் என்னைக் கவர்ந்த விவகாரம். நோவா என்பது 1981-ல் ஒசாகாவில் தொடங்கி, நாட்டிலேயே பெரிய எய்கைவா நிறுவனமாக வளர்ந்தது. மாணவர்களிடம் பல மாதப் பாடங்களுக்கான பணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கும். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், நடத்தாத பாடத்துக்கு வாங்கிய பணம் வருமானம் அல்ல, கடன். பாதியில் நின்றவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கும் முறை சட்டவிரோதம் என்று 2007 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் நிறுவனம் விழுந்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. சம்பளத்தில் பிடித்த வாடகை வீட்டுக்காரருக்குப் போய்ச் சேராததால் சிலருக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசும் வந்தது.

வகுப்புக்கு வெளியே மாணவரோடு பழகக் கூடாது என்று விதி வைத்திருந்த நிறுவனம் அது. அது விழுந்தபோது, ஆசிரியர் சங்கத்தின் ஏற்பாட்டில் சில மாணவர்கள் சாப்பாடு கொடுத்துப் பாடம் படித்தார்கள். முன்பணம் போன வருத்தம் அவர்களுக்கும் இருந்தது. ஆனாலும் ஆபத்துக்கு வந்தது அந்த ஊர்க்காரர்கள்தான்.

மூன்றாவது, டெய்லர் ஆண்டர்சன். அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஜெட் திட்டத்தில் 2008-ல் இஷினோமாகி நகருக்கு வந்த பெண். 2011 மார்ச் 11 சுனாமியில் இறந்தபோது வயது 24. அவர் பெற்றோர் அந்த ஊரோடு உறவை முடித்துக்கொள்ளவில்லை. மகள் பெயரில் நிதி தொடங்கி, அவள் பாடம் சொன்ன பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் கொடுத்தார்கள். அந்தப் புத்தகங்களுக்கு அலமாரி செய்தவர் எண்டோ ஷினிச்சி என்ற உள்ளூர் மரவேலைக் கலைஞர். அதே சுனாமியில் தன் மூன்று பிள்ளைகளையும் இழந்தவர். அவர்களில் டெய்லரிடம் படித்தவர்களும் உண்டு. அந்த அலமாரிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வருவதில்லை.

மூன்றிலும் நான் பார்ப்பது ஒன்றுதான். எத்தனை வருடம் சேர்ந்து இருந்தோம் என்பதை வைத்து நட்பு நிற்கவில்லை. பிரிந்த பிறகு யாரோ ஒருவர் விடாமல் ஒரு காரியம் செய்தார்கள், அதனால் நின்றது.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு வழக்கமே வைத்திருக்கிறார்கள். 'நெங்காஜோ' என்ற புத்தாண்டு அட்டை. டிசம்பரில் தபாலில் சேர்த்தால், எல்லோர் வீட்டுக்கும் ஜனவரி 1 அன்று கட்டாக வந்து சேரும். பல வருடம் பார்க்காதவருக்கும் நான்கு வரி எழுதுவார்கள். வீட்டில் துக்கம் என்றால் அந்த வருடம் வாழ்த்து இல்லை. அதையும் முன்கூட்டியே ஓர் அட்டையில் தெரிவித்துவிடுவார்கள். நம் வீட்டில் துக்க வருடத்தில் பண்டிகை இல்லாதது போலத்தான். 2024 அக்டோபரில் அஞ்சல் அட்டைக் கட்டணம் 63 யென்னிலிருந்து 85 யென் ஆகிவிட்டது. அனுப்புகிறவர்களும் குறைந்து வருகிறார்கள். இருந்தாலும் என் மகளின் யோகோஹாமா பக்கத்து வீட்டு அம்மா இன்றும் வருடம் தவறாமல் நம் பிளாக் முகவரிக்கு ஓர் அட்டை அனுப்புகிறார். அம்மாவுக்கு மகள் பொங்கல் வாழ்த்து எழுதுகிறாள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது அட்டை எதற்கு என்று கேட்பீர்கள். ஃபார்வர்டு செய்த "குட் மார்னிங்" படத்தில் உங்கள் பெயர் இருக்காது. அட்டையில் இருக்கும்.

முடிவாக, அசோசியேஷனுக்கு ஒரு யோசனை. இந்தப் பத்து வருடத்தில் நம் குடியிருப்பிலிருந்து காலி செய்து போன குடும்பங்கள் எத்தனை! நம் வாசலில் கோலம் போட்டவர்கள், லிஃப்ட் பழுதானபோது நம் மருந்தை மாடிக்கு ஏற்றிக் கொடுத்தவர்கள். சம்மதம் கேட்டு அவர்கள் முகவரியை ஒரு நோட்டில் குறித்து வைப்போம். வருகிற பொங்கல் விழாவுக்கு ஆளுக்கு ஓர் அழைப்பு, கையால் எழுதி அனுப்புவோம். எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் கையெழுத்து இன்னும் லெட்ஜர் கையெழுத்துதான், தெளிவாகப் படிக்கலாம். உங்களுக்குத் தெரிந்த முகவரிகளை மட்டும் இந்த மாதத்துக்குள் ஆபீஸ் அறையில் கொடுத்துவிடுங்கள்.