நோட்டீஸ் திரும்பி வந்தால் வழக்கு முடிந்ததா?



வாங்கிய ஃப்ரிட்ஜ் ஒரே மாசத்தில் பழுது. நுகர்வோர் ஆணையத்தில் புகாரும் கொடுத்தாச்சு. ஆனால் கடைக்குப் போன நோட்டீஸ், 'கதவு பூட்டியுள்ளது' என்ற குறிப்போடு திரும்பி வருகிறது. "இனிமே அவ்வளவுதான்" என்று விட்டுடாதீங்க.

முதலில் சரியான முகவரியைத் தேடுங்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால், பதிவான வணிக முகவரி தெரியும். கம்பெனி என்றால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். கடை பூட்டியிருந்தாலும் நோட்டீஸை அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்தது மின்னஞ்சல். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 65-ஆவது பிரிவில், பதிவுத் தபால், விரைவுத் தபால், கூரியரோடு மின்னணு வழியையும் ஏற்கிறது. பில்லில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் ஆணையத்திடம் கொடுங்கள். தபால்காரர் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பினால் கவலையே வேண்டாம். நோட்டீஸ் சேர்ந்ததாகவே ஆணையம் அறிவிக்கும்.

எதுவும் பலிக்கலையா? பத்திரிகை விளம்பரம் மூலம் நோட்டீஸ் கொடுக்க அனுமதி கேட்டு மனு போடலாம். சிவில் வழக்குகளில் இதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5, விதி 20 வழி செய்கிறது. எதிர்தரப்பு கடைசியாகத் தொழில் செய்த ஊரில் விற்பனையாகும் நாளிதழில் அது வர வேண்டும். அதன் பிறகும் வரவில்லை என்றால், அவர் இல்லாமலேயே விசாரணை நடக்கும்.

திரும்பி வந்த உறை உங்கள் கைக்கு வந்தால் கிழிச்சுப் போடாதீங்க. தபால் ரசீதோடு சேர்த்துப் பத்திரமா வைங்க. நீங்கள் முயற்சி செய்ததற்கு அதுதான் சாட்சி.